அக்கிலீசுக்கு ஒரு வசனம் பாக்கி

தலைமாட்டு முடிச்சைப் போடுவதற்காக றிப்கா சாச்சி கபன் துணியின் ஓரத்தைக் கூட்டிப் பிடித்தபோது, ஸஜீதா அவளுடைய மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுங்க சாச்சி. ஞானம் ஆன்ட்டி இன்னம் வரல்ல."

உம்மா நூருன்னிஸா வெள்ளைத் துணிக்குள்ளே முகம் மட்டும் தெரியக் கிடந்தாள். அறையில் கற்பூரமும் பன்னீரும் மணத்தன. அன்று விடியற்காலையில் பிளேன்டீக்குச் சீனி காணாது என்று மகளைக் குறை சொல்லி, அரைக் கோப்பை குடித்து, மீதியை அப்புறம் பார்க்கலாம் என்று தலையணையில் சாய்ந்தவள்தான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஒரு வருடமாகிவிட்டது. டொக்டர் சீனியை நிறுத்தியும் ஒரு வருடமாகிவிட்டது. கடைசிக் கோப்பைக்காவது ஒரு கரண்டி போட்டிருக்கலாமே என்று ஸஜீதாவுக்கு மனம் ஆறவில்லை.

ஆனால் இப்போது அழுதுகொண்டிருக்க நேரமில்லை. உம்மா போன கிழமை அவளிடம் ஒரு வேலை ஒப்படைத்திருந்தாள். "ஸஜீ, நான் போனா, ஞானம் வந்து பாக்காம என்ட மொகத்த மூடிராதீங்க. அவளுக்கு ஒரு வசனம் பாக்கி இரிக்கி." ஸஜீதா வழக்கம்போல "ம்" என்றாள். முப்பத்தெட்டு வயதாகியும் அவள் வாயிலிருந்து "மாட்டேன்" என்ற சொல் வந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. உம்மா பேசியதில் பாதியை மகள் பேசியிருந்தால் வீடு தாங்கியிருக்காது என்று வாப்பா சொல்வார்.

அந்த வசனம் எது என்று மாத்தளை டவுனில் நடுவயது தாண்டிய பெண்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்ல அந்த அறையிலேயே ஆட்கள் இருந்தார்கள். பக்கத்து வீட்டுப் புது மருமகள் அம்றா, இந்த ராத்தாவை ஏன் எல்லோரும் பெந்தி ராத்தா என்கிறார்கள் என்று மெதுவாகக் கேட்டுவிட்டாள். றிப்கா சாச்சி முடிச்சை விட்டுவிட்டுத் தரையில் சம்மணம் கொட்டி உட்கார்ந்தாள். அக்காவைக் குளிப்பாட்டிய கை இன்னும் ஈரமாக இருந்தது.

அது நூருன்னிஸாவும் ஞானமும் உயர்தரம் படித்த காலம். சரித்திரம் படிப்பித்த டீச்சருக்குக் கிரேக்கக் கதைகளில் பைத்தியம். தமிழ்த் தின விழாவுக்கு ஊரெல்லாம் கண்ணகியும் சாவித்திரியும் போட, இந்த டீச்சர் பென்தெசிலியாவைப் போட்டாள். பென்தெசிலியா என்பவள் அமேசன் என்ற பெண்கள் கூட்டத்துக்கு ராணி. அவள் நாட்டில் வாள் பிடிப்பதும் படை நடத்துவதும் பெண்கள்தான். ட்ரோய் நகரம் முற்றுகைக்குள் கிடந்து திணறியபோது துணைக்குக் குதிரையில் வந்து இறங்கினாள். கிரேக்கர் பக்கத்துப் பெரிய வீரன் அக்கிலீசுடன் நேருக்கு நேர் நின்று, கடைசியில் அவனுடைய ஈட்டியில் விழுந்தாள். விழுந்தவளின் தலைக்கவசத்தைக் கழற்றி முகத்தைப் பார்த்த பிறகுதான், அடடா, இவளையா கொன்றோம் என்று அக்கிலீசுக்கு உயிர் போய்வருகிறது.

ராணி வேடம் நூருன்னிஸாவுக்கு. அக்கிலீஸ், அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த யாழ்ப்பாணத்தாரின் மகள் ஞானாம்பிகை. ராணியின் கேடயம் பிஸ்கட் டின் மூடி. தலைக்கவசம் வீட்டில் சோறு வடிக்கிற அலுமினியப் பானை. ஒத்திகை நடந்த இரண்டு மாதமும் இந்த வீட்டில் மண்சட்டியில்தான் சோறு வெந்தது. அக்கிலீசின் ஈட்டி, ஞானத்தின் அப்பாவுடைய நீட்டுக் கறுப்புக் குடை. நுனியில் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றியிருந்தார்கள்.

"குத்தினா விழணும். அதானே கத?" என்றாள் றிப்கா சாச்சி. "ஞானம் ராத்தா குத்தினாங்க. எங்கட ராத்தா விழல்ல. ரெண்டாந்தரம் குத்தினாங்க. இவ பானையச் சரி பண்ணிக்கிட்டு நிக்கிறா. மூணாந்தரம் குத்த வந்தவங்கள கேடயத்தால ஒரு தள்ளு. அக்கிலீஸ் மேடையில இருந்து கீழ, ஆர்மோனியம் வாசிச்ச மாஸ்டர்ட மடியில."

அறை குலுங்கியது. அம்றா வாயைப் பொத்திக்கொண்டு மையத்தாகக் கிடந்தவளின் முகத்தைப் பார்த்தாள், பிறகு பொத்திய கையோடு சிரித்தாள். அன்று மாத்தளையில் மட்டும் ட்ரோய் யுத்தம் வேறு மாதிரி முடிந்தது. நடுவர்கள் பரிசு இல்லை என்றார்கள். சபை கைதட்டி ஓயவில்லை. பென்தெசிலியா சுருங்கி நூருன்னிஸா பெந்தி ராத்தா ஆனாள். பானையை மேடையில் கழற்றவே இல்லை என்பதால், ஞானம் இரண்டு மாதம் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த அக்கிலீசின் புலம்பல் அப்படியே அவள் வயிற்றுக்குள் தங்கிப்போயிற்று.

அந்தக் கணக்கை அவள் விடவில்லை. பஸ் ஸ்டாண்டில் கண்டாலும், கல்யாண வீட்டில் கண்டாலும், குடையின் நுனியை நூருன்னிஸாவின் நெஞ்சில் வைத்து "விழுடி" என்பாள். "விழமாட்டன்டி" என்று இவள் நிமிர்வாள். ஸஜீதா பிறந்த அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அது நடந்ததாம். இரத்தம் சுத்திகரிக்கிற மெசினோடு கிடந்தபோதும் நடந்ததை ஸஜீதாவே பார்த்தாள். ஞானம் ஆன்ட்டி நாவுலயிலிருந்து பஸ்ஸில் வந்து, நர்ஸ் பார்க்காத நேரம் குடையை நீட்டினாள். உம்மாவுக்குப் பேச மூச்சில்லை. தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினாள்.

உம்மா ஏன் விழவில்லை என்ற காரணம் ஸஜீதாவிடம் இருந்தது. போன கிழமைதான் கைக்கு வந்தது. அன்று மண்டபத்தின் கடைசியில், தூணோடு தூணாக, உம்மாவின் வாப்பா நின்றிருக்கிறார். மேடை ஏறினால் வீட்டுப் படி ஏறக்கூடாது என்று சொன்ன மனிதர். ஈட்டி நெஞ்சில் பட்ட நேரத்தில்தான் உம்மா அவரைக் கண்டாள். "வாப்பா பாத்துக்கிட்டு நிக்கக்குள்ள நான் எப்பிடி விழுந்து மௌத்தாகுற?" என்றாள். இத்தனை வருசம் இதை ஏன் ஞானம் ஆன்ட்டிக்குச் சொல்லவில்லை என்று ஸஜீதா கேட்டதற்கு, உம்மா கண்ணைச் சிமிட்டினாள். "சொன்னா அவ மன்னிச்சிருவா. பொறகு எங்களுக்குச் சண்ட பிடிக்க என்ன இரிக்கி? நான் போன பொறகு நீ சொல்லு."

சிரிப்புச் சத்தம் முற்றத்துப் பந்தலுக்கும் போயிருக்க வேண்டும். ஸஜீதாவுக்கு மூத்தவன், நானா பஸ்லி, அறை வாசலுக்கு வந்து, திரைக்கு வெளியே நின்று செருமினான். பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவன், நேரம் தவறாதவன், நல்லவன். நல்லவன் என்பதுதான் அவனோடு சண்டை பிடிப்பதில் உள்ள கஷ்டம். மையத்தை வைத்துக்கொண்டு தாமதிக்கக்கூடாது, அஸர் தொழுகைக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான், தூக்கிக்கொண்டு போகிற சந்தூக்கு வந்துவிட்டது, ஆட்கள் உக்குவளையிலிருந்தும் ரத்தோட்டையிலிருந்தும் வந்து காத்திருக்கிறார்கள் என்று நியாயமாக எடுத்துச் சொன்னான். ஞானம் ஆன்ட்டிக்கு ஒன்றல்ல, பத்துத் தரம் கோல் எடுத்தாயிற்று. மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. வழியில் மழை, மரம் கிரம் விழுந்திருக்கலாம். வர முடியாவிட்டால் உம்மா குறை நினைக்கமாட்டாள்.

ஒவ்வொரு நியாயத்துக்கும் ஸஜீதா "ம்" என்றாள். அவளுக்கே தன் மேல் ஆத்திரம் வந்தது.

பஸ்லி போனதும் றிப்கா சாச்சி மறுபடி நாடாவை எடுத்தாள். சாச்சிக்கும் கண் கலங்கியிருந்தது, ஆனால் கை வேலையில் நின்றது. ஸஜீதா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. கீழே ஒழுங்கை முழுக்க மோட்டார் சைக்கிளும் வேனும் நெருக்கியடித்து நின்றன. பலாமரத்தடி வளைவில் ஒரு சிவப்புத் த்ரீவீல் நின்றது. டிரைவர் கைப்பிடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். பின் சீட்டில் யாரோ இருந்தார்கள். முகம் தெரியவில்லை. ஆனால் த்ரீவீலுக்குள் அடங்காத நீளத்தில் ஒரு கறுப்புக் குடையின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

இந்தக் காலத்தில் அவ்வளவு நீளத்துக்குக் குடை பிடிக்கிற ஆள் மாத்தளை மாவட்டத்தில் ஒருத்திதான்.

ஸஜீதா சால்வையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு படி இறங்கினாள். பின்பக்கத்தால் போனால் பக்கத்து வீட்டு மதிலைச் சுற்ற வேண்டும், நேரம் காணாது. முன்வாசலால் இறங்கி, முற்றத்துப் பந்தலுக்கு நடுவே நடந்தாள். கதிரைகளில் இருந்த ஆண்கள் பேச்சை நிறுத்திக் காலை ஒதுக்கி வழிவிட்டார்கள். சந்தூக்குக்குப் பக்கத்தில் நின்ற பஸ்லி வாசல் கேற்றடிக்கு விரைந்து வந்தான்.

"எங்க போற? மையத்தத் தூக்கப் போறோம்."

"தூக்க வேணாம்."

பஸ்லி காதைத் தீட்டிக்கொண்டவன்போல் தங்கையைப் பார்த்தான்.

"நான் வாற வரைக்கும் யாரும் தூக்க வேணாம், நானா. தூக்க விடமாட்டேன்."

குரல் நடுங்கியது. ஆனால் பந்தலின் கடைசிக் கதிரை வரைக்கும் கேட்டது. இவ்வளவு நேரமும் மூலையில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்த வாப்பா ஸக்கரியா எழுந்தார். தான் இருந்த பிளாஸ்டிக் கதிரையைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்து, வீட்டு வாசலுக்குக் குறுக்கே போட்டு, அதில் அமர்ந்தார்.

"பிள்ள போய்ட்டு வரட்டும்," என்றார். அவ்வளவுதான். நாற்பது வருடம் பென்தெசிலியாவோடு குடும்பம் நடத்தியவருக்கு எப்போது எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

த்ரீவீலுக்குள் ஞானம் ஆன்ட்டி வெள்ளைச் சேலையில், குடையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே நிற்பாட்டி வைத்த பிள்ளையைப்போல உட்கார்ந்திருந்தாள். ஸஜீதாவைக் கண்டதும் பதறிப்போய் உள்பக்கமாக நகர்ந்தாள்.

"கிட்ட வராத பிள்ள. நான் துடக்கு."

எட்டு மணிக்கே நாவுலயில் வெளிக்கிட்டவள். அவசரத்தில் ஃபோன் சார்ஜிலேயே கிடந்துவிட்டது. பாதி வழியில்தான் அவளுக்கு நினைவு வந்ததாம், புருசனுடைய தமையன் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு இன்னும் ஆகவில்லை என்று. சாவுத் தீட்டு உள்ள துடக்குக்காரி ஒரு வீட்டுக்குள் போகக்கூடாது. அதிலும் குளிப்பாட்டிச் சுத்தமாகக் கிடத்தியிருக்கிற இடத்துக்கு எப்படிப் போவது? திரும்பிப் போகவும் கால் வரவில்லை. ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு இந்த வளைவால்தானே போவார்கள், தூரத்தில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம் என்று பத்து மணியிலிருந்து இங்கேயே இருக்கிறாள். மேலே இவளுக்காக முடிச்சைப் போடாமல் வைத்திருக்கிறார்கள். கீழே இவள் மரியாதைக்காக ஒதுங்கியிருக்கிறாள். ஸஜீதாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டின.

"எங்களுக்கு அப்பிடிக் கணக்கு ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. உம்மா மொகத்தத் தெறந்து வச்சிக்கிட்டு இரிக்காங்க. எறங்குங்க."

"உங்கட ஆக்கள் ஒண்டும் சொல்லமாட்டினமே?"

"சொன்னா நான் பாத்துக்கிறேன்."

ஞானம் ஆன்ட்டி அவளை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு குடையை ஊன்றி இறங்கினாள்.

பந்தலுக்குள் இருவரும் நுழைந்தபோது, வாப்பா எழுந்து கதிரையை விலக்கினார். பஸ்லியின் முகத்தில் ஆத்திரம் இருந்த இடத்தில் இப்போது வேறேதோ இருந்தது. "வாங்க ஆன்ட்டி, பாத்து, படி வழுக்கும்," என்று அவனே முன்னால் வந்து கை கொடுத்தான்.

மேலே அறையில் பெண்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். றிப்கா சாச்சி, யாரும் சொல்லாமலே, இதற்கிடையில் உம்மாவின் முகத்தில் போட்டிருந்த மெல்லிய துணியை விலக்கினாள். ஞானம் ஆன்ட்டி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். பக்கத்தில் குடையைக் கிடத்தினாள். வெகுநேரம் பார்த்தாள். நோய் வற்றவைத்த முகம்தான். ஆனால் வாயோரத்தில், அடுத்த சண்டைக்கு ஆள் வந்துவிட்டது என்பதுபோல, ஒரு சின்னச் சுழிப்பு இருந்தது.

ஸஜீதா அவள் காதோரம் குனிந்தாள். ஒப்படைத்த வேலையில் மிச்சம் இருந்தது. அன்றைக்கு உம்மா ஏன் விழவில்லை என்று சொல்லச் சொன்னார்கள் என்று தொடங்கினாள். தூண், வாப்பா என்று இரண்டு சொல் முடிவதற்குள் ஞானம் ஆன்ட்டி கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அவர் நிண்டவர். எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"சுத்திச் சுத்தித்தானே சண்ட பிடிச்சனாங்க. அவள் காண முந்தி நான் கண்டிட்டன். தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கொண்டு நிண்டவர். கண் துடைச்சவர்." ஞானம் ஆன்ட்டி மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "மேடையால நான் சும்மாவா விழுந்தன்? அவள் தள்ளினது ஒரு தள்ளே இல்ல."

றிப்கா சாச்சி வாயைத் திறந்தபடி இருந்தாள்.

"அப்ப ஏன் ஆன்ட்டி இவ்வளவு காலமும் சொல்லல்ல?"

"சொன்னா சண்ட முடிஞ்சிடும்."

ஸஜீதாவால் தாங்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, உம்மா சிரிக்கிற அதே சத்தத்தில், தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தாள். அது றிப்கா சாச்சிக்குத் தொற்றி, அம்றாவுக்குத் தொற்றி, அறை முழுக்கப் பரவியது. இரண்டு பேரும் ஒரே காரணத்துக்காக ஒரே இரகசியத்தை நாற்பது சொச்சம் வருசம் பொத்திப் பொத்தி வளர்த்திருக்கிறார்கள். இப்படியும் ஒரு சிநேகிதம் உண்டா என்று ஸஜீதாவுக்கு மனம் நிறைந்து போயிற்று. இந்தத் தடவை கீழேயிருந்து யாரும் வந்து செருமவில்லை.

சிரிப்பு அடங்கியதும் ஞானம் ஆன்ட்டி முதுகை நிமிர்த்தினாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"முகம் காணாது போர் புரிந்தேன்," என்றாள். மேடைக் குரல். அந்தச் சின்ன உடம்புக்குள் அப்படி ஒரு குரல் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. பந்தலிலும் பேச்சு நின்றது. "முகம் கண்ட பின்னே..."

அங்கே நின்றுவிட்டது. அடுத்த சொல் வரவில்லை. இவ்வளவு காலம் அடைகாத்த வசனம்.

"முகம் கண்ட பின்னே என் வெற்றியை யாரிடம் சொல்வேன்," என்று முடித்தாள் றிப்கா சாச்சி. அந்த இரண்டு மாதமும் அவர்கள் வாப்பாவுக்குத் தெரியாமல் இந்த வீட்டுக் குசினியில், அடுப்புப் பக்கத்தில்தானே ஒத்திகை நடந்தது. எட்டு வயதில் கேட்டது, ஒரு சொல் பிசகவில்லை.

"ஓம்," என்றாள் ஞானம் ஆன்ட்டி. "அதுதான்." குனிந்து உம்மாவின் நெற்றியில் இரண்டு விரலை வைத்து எடுத்தாள். "இப்பவும் விழுந்த ஆள் மாதிரி இல்லையடி நீ."

றிப்கா சாச்சி நாடாவை எடுத்தாள். ஸஜீதாவைப் பார்த்தாள். ஸஜீதா தலையசைத்த பிறகு முகத்தை மூடி, முடிச்சைப் போட்டாள்.

சந்தூக்கைத் தூக்கும்போது பஸ்லி முன்பக்கத் தோள் கொடுத்தான். கலிமா ஒலி ஒழுங்கையில் இறங்கிப் பலாமர வளைவில் திரும்பி, பள்ளிவாசல் பக்கம் தேய்ந்து போனது. பெண்கள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். பச்சைப் போர்வை போர்த்திய சந்தூக்கு எல்லாத் தலைகளுக்கும் மேலாகப் போனது. உக்குவளையிலிருந்து யாரோ புரியாணிச் சகன் தட்டுகளும் கறியும் அனுப்பியிருந்தார்கள். அம்றா கீழே கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாள்.

ஞானம் ஆன்ட்டிக்கு நாவுல பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று ஸஜீதா கையைப் பிடித்து இருத்தி, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு கரண்டி சீனி போட்டாள். அதை ஒரு சொட்டு விடாமல் குடித்து, கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆன்ட்டி குடையை எடுத்துக்கொண்டாள்.

ஸஜீதா கேற்றடி வரைக்கும் கூடப் போனாள். பந்தலில் வெறும் கதிரைகள்தான் கிடந்தன. டிரைவர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு த்ரீவீலை உதைத்து ஸ்டார்ட் பண்ணினான். ஞானம் ஆன்ட்டி இரண்டடி போனாள், நின்றாள், திரும்பினாள்.

குடை மெல்ல உயர்ந்தது. அதன் நுனி ஸஜீதாவின் நெஞ்சில் வந்து தொட்டு நின்றது. ஆன்ட்டி அவள் முகத்தையே பார்த்தாள். காத்திருந்தாள்.

ஸஜீதா சால்வையை இழுத்து இறுக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே காலை அகட்டி ஊன்றினாள்.